இருபத்தேழாம் பக்கம்

ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கு அனுப்ப வேண்டிய விண்ணப்பத்தில் ஆறாவது கேள்வி இது: "இந்த ஆய்வால் பங்கேற்பாளர்களுக்கு ஏற்படக்கூடிய தீங்குகள் யாவை?" பதிலுக்குப் பத்து வரி இடம் விட்டிருந்தார்கள். சர்வே அதில் "இல்லை" என்று எழுதினான். மீதி ஒன்பதே முக்கால் வரி வெறுமனே கிடப்பதைப் பார்க்க ஒரு மாதிரியாக இருந்ததால், முன்னால் "அறவே" என்று சேர்த்துக்கொண்டான்.

சர்வே என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. பல்கலைக்கழக உணவகத்தில் ஒட்டிக்கொண்டது. எதிரில் யார் உட்கார்ந்தாலும் "ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள்" என்று ஆரம்பித்துவிடுவான். அவன் தட்டோடு வருவதைக் கண்டால் கொதிக்கக் கொதிக்க டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு எழுந்துபோனார்கள். நாக்கு வெந்தால் வேகட்டும் என்று.

அவனுடைய ஆய்வுத் தலைப்பு: வேலையில் செய்த தவறை யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பவர்களின் மனநிலை.

"தலைப்பு நல்லா இருக்கு. ஆனா யாருப்பா சொல்லுவாங்க?" என்று கேட்டார் அவனுடைய வழிகாட்டிப் பேராசிரியை.

"சொல்லாதவங்களைப் பத்தித்தான் மேடம் ஆய்வே."

"உன்கிட்ட சொல்லிட்டா அவங்க சொல்லாதவங்க பட்டியல்ல இருக்க மாட்டாங்களே?"

சர்வே யோசித்தான். இது தீவிரமான முறையியல் சிக்கல் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். பேராசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அப்படித் துடைத்தால் பொறுமையைச் சேகரிக்கிறார் என்று அர்த்தம்.

"குழுவுக்குப் போறதுக்கு முன்னாடி உன் கேள்விகளை ரெண்டு பேர்கிட்ட கேட்டுப் பாரு. கேள்வி புரியுதா, எங்க திணறுறாங்க, அவ்வளவுதான் பாக்கணும். பதிலை வச்சுக்காத."

முதல் இரண்டு வாக்கியங்கள் அவன் மூளைக்குள் போயின. மூன்றாவது காதோடு நின்றுகொண்டது.

இரண்டு பேர் வேண்டும். உணவகத்தில் யாரும் சிக்க மாட்டார்கள். எஞ்சியிருந்தது வீடு.

அவன் தங்கியிருந்தது சித்தி வீட்டில். அம்மாவின் தங்கை. சித்தப்பாவுக்கு வெளியூர் வேலை, மாதத்தில் நான்கு நாள் வந்து தூங்கிவிட்டுப் போவார். மற்ற நாட்களில் சித்தி, அவளுடைய மகள், சர்வே ஆகிய மூவர். சித்தி நகரின் பெரிய மருத்துவமனையில் கருவிச் சுத்திகரிப்புப் பிரிவில் வேலை பார்த்தாள். கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் அழுக்காக வந்து சேரும் நிலத்தடி அறை அது. கழுவி, எண்ணி, துணியில் சுற்றி, பொட்டலத்தின் மேல் ஒரு டேப் ஒட்டி, நீராவி எந்திரத்துக்குள் வைப்பார்கள். டேப்பில் வெள்ளைக் கோடுகள் இருக்கும். சூடு போதுமான அளவு ஏறினால் கோடுகள் கறுத்துவிடும். கறுத்தால்தான் பொட்டலம் அந்த அறையை விட்டு வெளியே போகலாம். இருபத்திரண்டு வருடங்களாகச் சித்தி கோடு கறுத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் அந்தப் பிரிவுக்கே அவள்தான் தலைவி என்று முடிவாகியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சமையலறையில் வைத்துச் சித்தியைப் பிடித்தான். ஒப்புதல் படிவத்தை நீட்டினான்.

"எதுக்குடா இது? உன்கூட பேசறதுக்கு நான் கையெழுத்து போடணுமா?"

"விதிமுறை சித்தி. நீங்க எப்ப வேணாலும் விலகிக்கலாம். காரணம்கூட சொல்ல வேண்டாம்."

"விலகி எங்கடா போறது? இது என் வீடு."

ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "எங்க, இங்கயா?" என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டாள். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. அக்காள் மகன் நீட்டிய தாளை யார் படிப்பார்கள்? படித்திருந்தால், "நேர்காணல் மற்றும் அதனுடன் தொடர்புடைய உரையாடல்கள்" என்று ஒரு தொடர் இருந்ததைப் பார்த்திருப்பாள். பின்பாதியை சர்வேதான் சேர்த்திருந்தான். அப்போது அவனுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வாக்கியம் கொஞ்சம் கனமாக இருக்கட்டும் என்று நினைத்தான், அவ்வளவுதான்.

கைபேசியில் குரல்பதிவு ஓடியது. பதினொரு கேள்விகள். மேலிடத்திலிருந்து யாரோ சோதனைக்கு வந்ததுபோல் சித்தி பதில் சொன்னாள். தவறா? எங்க பிரிவுல தவறே நடக்காது. மறைக்கிறதா? மறைக்க என்ன இருக்கு, எல்லாத்துக்கும் பதிவேடு இருக்கு. இருபது நிமிடம் இப்படியே போயிற்று. சர்வே பதிவை நிறுத்தினான். அவன் முகம் காற்றுப்போன பலூன்போல் ஆயிற்று. அதைச் சித்தி பார்த்துவிட்டாள்.

"என்னடா, சரியா வரலையா?"

"பரவால்ல சித்தி."

அவள் பாலை அடுப்பில் வைத்தாள். முதுகைக் காட்டியபடி, பால் பாத்திரத்தைப் பார்த்தபடி, சொல்ல ஆரம்பித்தாள்.

பத்தொன்பது வருடத்துக்கு முந்திய கதை. வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். இடது அலமாரியில் எந்திரத்துக்குப் போக வேண்டிய பொட்டலங்கள், வலது அலமாரியில் போய்வந்தவை. மேலே அவசரப் பிரிவிலிருந்து ஒரு தையல் பொட்டலம் கேட்டார்கள். அதே நேரத்தில் தொலைபேசி: குழந்தைக்குக் காய்ச்சல், பள்ளியிலிருந்து உடனே வந்து கூட்டிப்போகச் சொன்னார்கள். சித்தி இடது அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டாள். அரை மணி நேரம் கழித்து, கிளம்பப்போகும்போது, கொடுத்திருக்க வேண்டிய பொட்டலம் வலது அலமாரியில் அப்படியே இருப்பதைப் பார்த்தாள். மேலே ஓடினாள். ஒரு லாரி ஓட்டுநரின் முழங்கையில் தையல் போட்டு முடித்திருந்தார்கள்.

"பிரிக்கிறவங்களும் டேப்பைப் பாக்கணும்டா. பிரிச்சது புதுசா வந்த நர்ஸ். சின்னப் பொண்ணு. நிக்க நேரமில்லாம பிரிச்சிருக்கு. குப்பைக்கூடையில டேப் கிடந்துச்சு, கோடு வெள்ளை வெளேர்னு. நான் அதை எடுத்து முந்தானையில முடிஞ்சுக்கிட்டேன். யார்கிட்டயும் சொல்லல. அப்புறம் ஒன்பது நாள், சாப்பாட்டு நேரத்துல மேல போய் அந்த ஆள் கட்டைப் பாப்பேன். சிவந்திருக்கா, வீங்கியிருக்கான்னு. 'தினம் வர்றீங்களே, நீங்க பெரிய டாக்டரா'ன்னு கேட்டாரு. நல்லபடியா போயிட்டாரு. போகும்போது எனக்குக் கும்பிடு வேற போட்டுட்டுப் போனாரு."

பால் பொங்கியது. அடுப்பை அணைத்தாள்.

"உன் சித்தப்பாகிட்டகூட சொன்னதில்ல."

இதைக் கேட்ட ஒரு நல்ல பிள்ளை என்ன செய்திருப்பான் என்பது தெரியவில்லை. சர்வே டீயைக் குடித்துவிட்டு, "தலை வலிக்குது சித்தி, கொஞ்சம் படுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, மறப்பதற்குள் சொல்லுக்குச் சொல் எழுதினான். இரண்டு பக்கம். எழுதி முடித்தபோது தலைவலி என்று சொன்ன இடத்தில் தேன் வடிகிற மாதிரி இருந்தது. இப்படி ஒரு தரவு அவனுடைய துறையில் யாருக்கும் கிடைத்திருக்காது.

அதை விண்ணப்பத்தோடு இணைத்தான். தன் கேள்விகள் எவ்வளவு பாதுகாப்பானவை என்று குழுவுக்குக் காட்டத்தான். "முன்னோட்ட நேர்காணலில் பங்கேற்பாளர் நீண்ட மௌனத்துக்குப் பின் மனம் திறந்தார். எவ்வித உளைச்சலும் அடையவில்லை. இறுதியில் ஆய்வாளருக்குத் தேநீரும் வழங்கினார்" என்று முன்குறிப்பு எழுதினான். அடையாளம் தெரியாமலிருக்கப் பெயரை எடுத்துவிட்டான். "பங்கேற்பாளர் 1. பெண். வயது 52. நகரின் பெரிய மருத்துவமனையில் கருவிச் சுத்திகரிப்புப் பிரிவில் 22 ஆண்டுப் பணி. விரைவில் பிரிவின் தலைவியாகப் பொறுப்பேற்க உள்ளார்." அந்தப் பிரிவில் மொத்தம் ஆறு பெண்கள். ஐம்பத்திரண்டு வயதில் ஒருத்தி. பெயரை அவ்வளவு சுத்தமாக எடுத்திருந்தான், பெயரைத் தவிர மற்ற எல்லாம் இருந்தது.

அது இருபத்தேழாம் பக்கம்.

குழு ஒரு வியாழக்கிழமை காலை கூடியது. நீள மேசை, தண்ணீர்க் கூஜா, சொட்டும் குளிரூட்டிக்குக் கீழே ஒரு வாளி. தலைவர், புள்ளியியல்காரர், சட்ட விரிவுரையாளர், பிறகு வெளி உறுப்பினர். பல்கலைக்கழகத்துக்கு வெளியிலிருந்து ஒருவராவது இருந்து பொதுமக்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது விதி. இந்த ஆண்டு வெளி உறுப்பினர் பெரிய மருத்துவமனையின் செவிலியர் கண்காணிப்பாளர்.

இது சர்வேக்குத் தெரியும். உறுப்பினர் பட்டியல் ஒரு வாரத்துக்கு முன்பே மின்னஞ்சலில் வந்திருந்தது. படித்தான். அந்தப் பக்கத்தை எடுத்துவிடலாமா என்று ஐந்து நிமிடம் யோசித்தான். பிறகு, நாற்பத்தொரு பக்கத்தை யார் முழுதாகப் படிக்கப்போகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்தப் பக்கம் அவ்வளவு அழகாக வந்திருந்தது. அதை எடுக்க அவனுக்கு மனசு வரவில்லை.

புள்ளியியல்காரர் எத்தனை பேரிடம் கேட்கப்போகிறாய், ஏன் அத்தனை பேர் என்று கால்மணி நேரம் கேட்டார். சட்டக்காரர் ஒப்புதல் படிவத்தில் ஒரு கால்புள்ளியைப் பற்றிக் கவலைப்பட்டார். கண்காணிப்பாளர் எதுவும் கேட்கவில்லை. அவர் முன்னால் தாள்கட்டு பாதியில் திறந்திருந்தது. அரைமணி நேரமாக அவர் பக்கத்தைப் புரட்டவே இல்லை என்பதை சர்வே கவனித்தான். கவனித்ததிலிருந்து அவன் சொன்ன பதில்கள் எதுவும் அவன் காதிலேயே விழவில்லை.

கடைசியில் தலைவர், "வெளி உறுப்பினர் ஏதாவது...?" என்றார்.

"ஒண்ணுதான்" என்றார் அவர். "இந்த முதல் பங்கேற்பாளர் பேசினப்ப பதிவு ஓடிட்டிருந்துதா?"

"இல்ல மேடம். நிறுத்தினதுக்கப்புறம்..."

"அவங்களுக்கு நீங்க என்ன வேணும்?"

அறையில் வாளிக்குள் சொட்டு விழும் சத்தம் கேட்டது.

"சித்தி பையன்... அக்கா பையன்... அதாவது, அவங்க எனக்குச் சித்தி மேடம்."

சட்டக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். அவனுடைய பேராசிரியை, கடைசிப் பக்கத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தவர், அவசர அவசரமாக இருபத்தேழாம் பக்கத்தைத் தேடிப் புரட்டினார்.

தாழ்வாரத்தில் கண்காணிப்பாளர் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். நாற்பதைத் தாண்டியவர். நேராக நின்று பேசுபவர்.

"தம்பி, இதுல 'சின்னப் பொண்ணு, நிக்க நேரமில்லாம பிரிச்சிருக்கு'ன்னு ஒரு நர்ஸ் வருதே. அது நான். அந்த லாரி ஓட்டுநர் முழங்கை இன்னும் ஞாபகம் இருக்கு."

சர்வே தாள்கட்டைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான்.

"எனக்குப் பத்தொன்பது வருஷமா தெரியாது. இன்னைக்கு உங்க இருபத்தேழாம் பக்கத்துலதான் தெரியுது. டேப்பைப் பாத்தியான்னு புதுசா வர்ற புள்ளைங்களை தினம் நான் திட்டறேன்." அவர் தாள்கட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். "படிச்சுட்டேன். படிக்காத மாதிரி இருக்க எனக்கு அனுமதி இல்ல. மேல எழுதிக் குடுக்கணும், என்னையும் சேர்த்து. திங்கள்கிழமை குடுப்பேன். அதுவரைக்கும் அவங்ககிட்ட நான் எதுவும் பேசமாட்டேன். யார் வாயிலேருந்து அவங்களுக்குத் தெரியணுமோ, அவங்க சொல்லட்டும்."

பேராசிரியை பின்னால் வந்தார். "பதிலை வச்சுக்காதன்னு சொன்னேன்ல?" என்றார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "நானும் படிக்காம கையெழுத்து போட்டேன். போ. முதல்ல வீட்டுக்குப் போ."

வியாழன் மாலை அவன் வீட்டுக்குப் போனான், ஆனால் சொல்லவில்லை. சித்திக்கு உடம்பு அசதியாக இருந்தது. குறைந்தபட்சம் அவனுக்கு அப்படித் தோன்றியது. ஓர் ஆளை அசதியாக இருக்கிறாள் என்று முடிவுகட்டுவது எவ்வளவு சௌகரியம்.

வெள்ளிக்கிழமை சித்தி முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். கையில் ஒரு சாவி.

"தலைவி அறைச் சாவிடா. போய்ப் பாத்தேன். சின்ன அறைதான், ஆனா ஜன்னல் இருக்கு! இருபத்திரண்டு வருஷம் கழிச்சு வேலை நேரத்துல வெளிச்சம் பாக்கப் போறேன்."

அந்தச் சாவியை அவன் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். அவன் வாங்கினான். "கனமா இருக்கு சித்தி" என்றான். அன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை அவன் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினான்: எழுத ஆரம்பித்தான். "அன்புள்ள பங்கேற்பாளரே" என்று தொடங்கி, அடித்து, "அன்புள்ள சித்தி" என்று மாற்றி, "தங்களது தகவல்கள் எதிர்பாராத முறையில் மூன்றாம் நபரால் வாசிக்கப்பட நேர்ந்ததை" என்று நான்கு வரி போனான். தோளுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. தங்கச்சி, சித்தியின் மகள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். பொடி எழுத்தை இரண்டு கெஜ தூரத்திலிருந்து படிப்பாள்.

"வாசிக்கப்பட நேர்ந்ததா? யாருண்ணா வாசிச்சாங்க? எதை?"

அவன் திரையை மூடுவதற்குள் அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கடிதத்தைப் படித்தாள். பிறகு "இணைப்பு" என்று இருந்ததைத் திறந்து இருபத்தேழாம் பக்கத்தைப் படித்தாள். முதலில் சிரித்தாள், "தேநீரும் வழங்கினாராம்!" என்று. அதன்பிறகு சிரிப்பு பாதியில் அறுந்தது.

"இது அம்மா."

"ம்."

"இந்தக் காய்ச்சல் எனக்கு வந்த காய்ச்சல்."

"ம்."

"அம்மா எங்ககிட்டயே சொல்லாததை உன்கிட்ட சொல்லியிருக்காங்க, நீ பின்னிணைப்புல போட்டிருக்க." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். "அண்ணா, நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம். நீயா சொல்றியா, இல்ல நான் சொல்லவா? நான் சொன்னா 'தங்களது', 'நேர்ந்ததை' எல்லாம் இருக்காது."

ஞாயிற்றுக்கிழமை மதியம் சித்தி பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் எதை மடித்தாலும் மருத்துவமனைப் பொட்டலம் மாதிரிதான் மடிப்பாள்: நான்கு மூலையும் உள்ளே, கடைசி நுனி மட்டும் வெளியே, ஒரே இழுப்பில் பிரிகிற மாதிரி. சர்வே எதிரில் உட்கார்ந்து சொன்னான். கடிதம் சட்டைப்பையில் இருந்தது, எடுக்கவில்லை. எழுதியதை, அனுப்பியதை, யார் படித்தார் என்பதை, திங்கள்கிழமை என்ன நடக்கப்போகிறது என்பதைச் சொன்னான். இவ்வளவு சின்ன வாக்கியங்களில் அவன் வாழ்நாளில் பேசியதில்லை.

சித்தி மடித்துக்கொண்டிருந்த போர்வையை மடித்து முடித்தாள்.

"அந்தத் தாளைக் கொண்டா."

கொண்டுவந்தான். வாசலில் தங்கச்சி வந்து சாய்ந்து நின்றாள். சித்தி மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, அன்று படிவத்தைப் படிக்காததற்கும் சேர்த்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

"நீண்ட மௌனத்துக்குப் பின்னா? நான் எங்கடா மௌனமா இருந்தேன்? பால் பொங்குதான்னு பாத்துட்டிருந்தேன்."

அவள் விரல் அடுத்த வரிக்கு நகர்ந்தது.

"உளைச்சல் அடையலன்னு யார் சொன்னது உனக்கு? என் முதுகைத்தானே பாத்த?"

அவன் தலை தொங்கிற்று. சட்டைக் காலருக்குள் போய் ஒளிந்துகொள்ள முடியுமானால் போயிருப்பான்.

"அன்னைக்கு நீ தலைவலின்னு போனப்ப, பாவம், நம்ம கதை புள்ளைய பாதிச்சிடுச்சேன்னு நினைச்சேன். தைலம் எடுத்துட்டு வந்தேன்டா. கதவு சாத்தியிருந்துச்சு, தூங்கறான்னு திரும்பிட்டேன்." அவள் தாளைத் திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். "அதுக்கப்புறம் ஒரு வாரம் நல்லாத் தூங்கினேன். ஒருத்தன்கிட்ட இறக்கி வச்சாச்சுன்னு."

அவனுக்கு மூச்சு விடுவதே ஏதோ உரிமை மீறல் போலிருந்தது.

"அவங்க படிச்சாங்களே. முகம் எப்படி இருந்துச்சு?"

"யாரு?"

"அந்தப் பொண்ணுடா. கண்காணிப்பாளர். நான் வாயைத் திறந்தா என் வேலை போகும்னு பயந்தது நிஜம். ஆனா ஒரு நாளு, ரெண்டு நாளுதான் அந்தப் பயம். அப்புறம் பூரா அவளுக்காகத்தான். வேலைக்கு வந்து இருபது நாள்கூட ஆகல அவளுக்கு. தெரிஞ்சா ஆயுசு பூரா மனசுக்குள்ள அரிச்சுட்டே இருக்கும். எனக்கு ஒருத்திக்கு அரிச்சா போதாதான்னு இருந்தேன்." அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "அவங்க அந்தக் குழுவுல மெம்பர்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடம். மூன்று நாளாக ஒத்திகை பார்த்ததில் இந்தக் கேள்வி வரவே இல்லை.

"தெரியாது சித்தி" என்றான்.

தங்கச்சி அவனையே பார்த்தாள். சித்தி தலையாட்டினாள். நம்பிவிட்டாள். பத்தொன்பது வருட ரகசியத்தை வெளியே விட்டவனைக்கூட அந்த ஒரு விஷயத்தில் அவளால் நம்ப முடிந்தது.

"நாளைக்கு நானும் வர்றேன் சித்தி. நான் பேசறேன் அவங்ககிட்ட."

"நீ வேண்டாம்."

"இல்ல சித்தி, என் தப்புதானே..."

"நீ வந்தா குறிப்பெடுப்ப" என்றாள். கேலியாகச் சொன்னாளா என்று அவன் நிமிர்ந்து பார்த்தான். அடுத்த துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை வழக்கத்தைவிட ஒரு பேருந்து முன்னதாகக் கிளம்பிப் போனாள். கண்காணிப்பாளர் கூப்பிடும் வரை காத்திருக்கவில்லை. அவர் அறை வாசலில் அவர் வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்திருந்தாளாம். இதெல்லாம் தங்கச்சி வழியாகத்தான் சர்வேக்குத் தெரிந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு கடிதம் எழுதினார்கள். நடுவில் ஒருவர் கடிதத்தை இன்னொருவர் படித்துப் பார்த்துக்கொண்டார்கள். கண்காணிப்பாளர் தன்மேல் அதிகப் பழியைப் போட்டு எழுதியிருந்ததால் சித்தி அதை இரண்டு இடத்தில் அடிக்கச் சொன்னாளாம். அவர் மறுத்தாராம். அதில் கொஞ்ச நேரம் சண்டை.

நிர்வாகம் பத்து நாளில் முடிவு சொன்னது. பழைய சங்கதி, யாருக்கும் கெடுதல் இல்லை, அதனால் வேலைக்கு ஆபத்தில்லை. ஆனால் தலைவி பதவி இன்னொருத்திக்குப் போயிற்று. சித்தி புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களோடு உட்கார்ந்து மூன்று வாரப் பயிற்சி வகுப்பு முடிக்க வேண்டும். அந்த வகுப்பை இந்த ஆண்டு நடத்த வேண்டியவளே அவள்தான். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். கண்காணிப்பாளருக்கு எழுத்துமூலம் கண்டனம். அவர் நெறிமுறைக் குழுவிலிருந்து தானாக விலகிக்கொண்டார்.

சர்வே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றான். இரண்டு பக்கத்தையும், கணினியில் இருந்த பிரதியையும், பிரதியின் பிரதியையும் அழித்தான். குழு உறுப்பினர் ஒவ்வொருவர் அறைக்கும் நடந்துபோய், அவர்களிடமிருந்த தாள்களைக் கையேந்தி வாங்கினான். புள்ளியியல்காரர் அந்தப் பக்கத்தின் பின்புறம் கணக்குப் போட்டிருந்தார். அதை வேறு தாளில் எழுதிக்கொள்ளும் வரை சர்வே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். யாரும் திட்டவில்லை. எல்லோரும் மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். ஒவ்வொரு அறையிலிருந்து வெளியே வரும்போதும் ஓர் அங்குலம் குள்ளமாகிக்கொண்டே வந்தான்.

வீட்டில் எதுவும் நின்றுபோகவில்லை. சாப்பாடு நின்றதா? இல்லை. அவன் சட்டையை மடிக்காமல் விட்டாளா? அதுவும் இல்லை. சித்தி அவனோடு நன்றாகத்தான் பேசினாள். "இன்னைக்கு வெயில் அதிகம்" என்பாள். "பேருந்துல கூட்டம்" என்பாள். "பக்கத்து வீட்டுல வெள்ளையடிக்கிறாங்க" என்பாள். எல்லாமே தெருவில் நின்று உரக்கச் சொல்லக்கூடிய சேதிகள். முன்பெல்லாம் யார் யாரோடு முறைத்துக்கொண்டார்கள், எந்த டாக்டர் கத்தரியைத் தூக்கி எறிந்தார், சித்தப்பா தொலைபேசியில் என்ன உளறினார் என்று சுடச்சுடக் கேட்டுப் பழகியவன் அவன். இப்போது சமையலறைக்குள் அவன் நுழைந்தால் அம்மாவும் மகளும் பேசிக்கொண்டிருந்த பேச்சு ஒரு கணம் நிற்கும். பிறகு சித்தி, "சாப்பிடறியா?" என்பாள். சாப்பிட்டு முடித்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

பயிற்சி வகுப்பின் இரண்டாவது வாரம். ஒரு மாலை, சித்தி சாப்பாட்டு மேசையில் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு உதடசைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் தேர்வு. அவள் எழுதி வைத்த குறிப்புகளிலிருந்து பத்து வருடத்துக்கு முன்பு தொகுத்த புத்தகம்தான் அது. சர்வே நாற்காலியை இழுத்தான், உட்காரவில்லை.

"சித்தி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவள் விரலைப் பக்கத்தில் வைத்துப் புத்தகத்தை மூடினாள். அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இரு. நீ சொல்லப்போறது என்னோட இருக்கணுமா, வெளிய போகலாமா? அதை முதல்லயே சொல்லிடு. அப்புறம் கேக்கறேன்."

குத்திக்காட்டுகிறாளோ என்று அவள் முகத்தில் தேடினான். குத்திக்காட்டினால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அப்படி எதுவும் இல்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இவ்வளவு எளிதாகக் கேட்கக்கூடிய ஒரு கேள்வியைத் தன்னுடைய பதினொரு கேள்விகளில் ஒன்றாகக்கூட அவன் வைத்திருக்கவில்லை.

"போகலாம்" என்றான். "யார்கிட்ட வேணாலும் சொல்லலாம்."

"சரி. உக்காரு. சொல்லு."

சொன்னான். "அவங்க குழுவுல இருக்காங்கன்னு எனக்கு முன்னாடியே தெரியும் சித்தி. பட்டியல் வந்துச்சு. அந்தப் பக்கத்தை எடுத்திருக்கலாம். நல்லா வந்திருக்குன்னு வச்சுட்டேன். அன்னைக்கு நீங்க கேட்டப்ப தெரியாதுன்னு பொய் சொன்னேன்."

சித்தியின் விரல் புத்தகத்துக்குள்ளிருந்து மெதுவாக வெளியே வந்தது. படித்துக்கொண்டிருந்த பக்கம் தவறிப்போனதை அவள் கவனிக்கவில்லை. இந்தத் தடவை அடுப்பில் பால் இல்லை. முதுகையும் அவள் காட்டவில்லை. முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அவன் பார்த்தான்.

அவள் உள் அறைப் பக்கம் திரும்பி மகளைக் கூப்பிட்டாள்.

"இங்க வாடி. அண்ணன் ஒண்ணு சொல்றான், நீயும் கேளு."

தங்கச்சி தலை துவட்டிய துண்டோடு வந்து நின்றாள். சித்தி பக்கத்து நாற்காலியைக் காலால் தள்ளி அவளுக்கு இடம் காட்டினாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

"ம். இன்னொரு தடவை சொல்லு. முதல்லேருந்து."

இரண்டு காதும் எரிய, அவன் முதலிலிருந்து ஆரம்பித்தான்.